தரையில் தட்டிக் கொடுத்த பந்து

பொறாமைப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா வீட்டில் என் வயதிலேயே ஒருவன் பிறந்திருந்தான். அது போதுமானதாக இருந்தது. என்னைவிட ஒரு மழைக்காலம் மூத்தவன். முறைப்படி நான் அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் கூப்பிட்டதில்லை. பங்காளிக் காய்ச்சல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மற்றக் காய்ச்சல் எல்லாம் கஷாயத்துக்கு இறங்கும், இது இறங்காது. எனக்கு அது பதினாறு, பதினேழு வயதில் உச்சத்தில் இருந்தது. அப்போது தர்மபுரி உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பாஸ்கட்பால் டீம்.

எங்கள் ஊர் கம்பைநல்லூர்ப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலத்தில் சண்டை வரவில்லை, மாட்டில் வரவில்லை, பாத்திரத்தில்கூட வரவில்லை. வரப்பின்மேல் நின்ற ஒரு புளியமரத்தில் வந்தது. நடு மரம் யாருடையது என்று ஆரம்பித்த பேச்சு, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பழைய கதைக்கெல்லாம் போய், கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. புளி மட்டும் வருஷா வருஷம் யாரும் உலுக்காமலே உதிர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் போனது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது எங்கள் மரத்தடியில் தினமும் நடந்தது.

ஆனால் கிணறு ஒன்றுதான். அதைப் பிரிக்க முடியாது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. மாடு பூட்டிக் கவலை இறைக்கிற வடக்கயிறும் தண்ணீர்ச் சாலும் பொது. முறை மாறுகிற சாயங்காலம் பெரியப்பா வடத்தைக் கிணற்று மேட்டில் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். அவர் நாலடி போன பிறகு அப்பா போய் எடுப்பார். மறுநாள் அப்பா வைப்பார், பெரியப்பா எடுப்பார். கைக்குக் கை கொடுக்கல் வாங்கல் கிடையாது. நெருப்பு, மோர், அரிவாள், எதுவானாலும் அப்படித்தான். கைநீட்டி வாங்கிவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். முதலில் கை நீட்டியவன் இறங்கிப் போனான் என்று இன்னொரு அர்த்தம். இரண்டு வீட்டிலும் இறங்கிப் போகிற ஆள் இல்லை.

இந்தச் சட்டத்தை எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. பார்த்துப் படிந்தது. தர்மபுரியில் படிக்க வந்தபோது அதையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தோம். நான் ஒரு சத்திரத்துப் பின்கட்டில் அறை எடுத்திருந்தேன். அவன் அவனுடைய மாமன் வீட்டில் இருந்தான். சனிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவன் முன்னால் உட்கார்ந்தால் நான் பின்னால். பேசிக்கொள்ள மாட்டோம். அவன் மட்டும் என்னைப் பார்த்தால் லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அவன் என்னைக் கண்டு ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேறு இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாஸ்கட்பால் ஆடிய பையன்களுக்கு ஒரு பெருமை இருந்தது. ஆண்டு முடிவில் சேலத்திலிருந்து போட்டோக்காரர் வருவார். கேப்டனுக்கு நாற்காலி, மடியில் பந்து, பந்தின்மேல் சாக்கட்டியில் வருஷம் எழுதியிருக்கும். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டுவார்கள். எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு அந்த நாற்காலியும் அந்தப் பந்தும் வேண்டும். அவனுக்குக் கிடைக்கக் கூடாது. இதில் எது எனக்கு முக்கியம் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தடுமாறியிருப்பேன்.

யுத்த காலம் அது. பழைய டிரில் மாஸ்டர் பட்டாளத்துக்குப் பையன்களைப் பழக்கப் போய்விட்டார். டீமில் இருந்த பெரிய பையன்கள் பாஸ் செய்தும் பெயிலாகியும் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த வருஷமே ஒரு மாட்ச் கூட ஜெயிக்கவில்லை. மிஞ்சினது நாங்கள் இருவர், பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குள்ளப் பையன், கீழ்வகுப்பான ஐந்தாம் பாரத்துப் பொடியன்கள் சிலர். பந்தோ ஒரே பந்து. உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடர் கடையில் கிடைக்கவில்லை. சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, பந்து ஒரு பக்கம் கன்னம் வீங்கினதுபோல் புடைத்திருந்தது.

புது டிரில் மாஸ்டர் திருநெல்வேலிச் சீமைக்காரர். சென்னையில் பயிற்சி முடித்து வந்தவர். ஒல்லியாக, கறுப்பாக, காக்கி நிஜாரில் கஞ்சி மொடமொடக்க வந்து நின்றார். முதல் நாள் எங்களை ஆடச் சொல்லிவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் எழுந்து வந்து கேட்டார்.

"ஏலே, பந்து எதுக்கு ஊரச் சுத்திட்டு வருது?"

எங்களுக்கு அவர் கேட்டது புரியாமல் இல்லை. நானும் அவனும் ஒரே பக்கம் ஆடும் ஆட்கள். என்னிடம் பந்து வந்தால், பக்கத்திலேயே அவன் சும்மா நின்றாலும், நான் பாலக்கோட்டுக்காரனுக்கு எறிவேன். அவன் அதைப் பெரியப்பா மகனுக்கு எறிவான். அவனிடமிருந்து எனக்கு வருவதும் அதே வழிதான். சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவது. பாலக்கோட்டுக்காரன் இரண்டு வருஷமாக இதற்காகவே எங்கள் நடுவில் ஓடிக்கொண்டிருந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். எங்கள் வம்பு அவனுக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லை. ஆனாலும் மத்தியஸ்தம் பண்ணுகிறவன்போல மூச்சு வாங்க ஓடுவான். எதிர் டீம்கள் ஒரே ஆட்டத்தில் இதைக் கண்டுபிடித்து, அவனை மட்டும் மறித்து நின்றுகொள்ளும். தோற்றதற்கு வேறு காரணமே வேண்டாம்.

மறுநாள் டிரில் மாஸ்டர் எங்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி நெஞ்சுக்கு நேராகப் பந்து எறியச் சொன்னார். உயரம் பார்த்து ஜோடி சேர்த்ததில் எனக்கு எதிரே அவன் வந்து நின்றான். பந்து என் கையில். நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு கீழே தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன். அவன் வந்து குனிந்து எடுத்தான். எடுத்து, அவனும் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனான். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சாதாரணம். டிரில் மாஸ்டருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கேலி செய்கிறோம் என்று நினைத்து, வெயில் இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார்.

மறுநாளும் நான் கீழேதான் வைத்தேன். அவரும் ஓடத்தான் விட்டார். மூன்றாவது தடவை பாலக்கோட்டுக்காரன் பொறுக்கமாட்டாமல் அவரிடம் போய்ச் சொன்னான். அவர்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, கைக்குக் கை எதுவும் வாங்க மாட்டார்கள், தரையில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று முழுக்கதையும் சொன்னான். டிரில் மாஸ்டர் எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஊரிலும் பங்காளிகள் இருந்திருப்பார்கள்போல. மீசையை நீவிக்கொண்டு யோசித்தார்.

"தரையில வச்சா எடுத்துக்கிடலாம். அப்படித்தானே? வச்சாத்தானா, எறிஞ்சாலுமா?"

எங்கள் வீட்டில் யாரும் வடத்தை எறிந்ததில்லை. பெரியப்பா மகன்தான் சொன்னான், அதே லேசான சிரிப்போடு.

"தரையில பட்டுட்டா அது தரையோடதுங்க சார். அப்புறம் யாரு வேணா எடுக்கலாமுங்க."

"அப்ப தரைக்குக் குடுல," என்றார் அவர் என்னைப் பார்த்து.

இப்படித்தான் எங்கள் டீமுக்குத் தரையில் தட்டிக் கொடுக்கிற ஆட்டம் வந்தது. எங்களுக்கு அது சட்டத்தை மீறாத வழி. தர்மபுரி மைதானம் சரளை மண், வெயிலில் காய்ந்து இறுகிக் கிடக்கும். பந்து விழுந்த வேகத்தில் எகிறும். எதிராளி கையை உயர்த்திக்கொண்டு நிற்பான், பந்து அவன் முழங்காலுக்குக் கீழே போய் மறுபக்கம் எழும்பும். எனக்கு இந்த வித்தை சீக்கிரம் பிடிபட்டது. பந்தின் வீங்கின பக்கம் தரையில் பட்டால் எந்தத் திசைக்கு விலகும் என்று பழகிப் பழகிக் கணித்து வைத்திருந்தேன். டிரில் மாஸ்டரே தன்னால் என்னைப்போல் தட்ட முடியவில்லை என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அறைக்குப் போய்ப் பாயில் படுத்துக்கொண்டு பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் தட்டிக் கொடுத்தவனை யார் பார்த்தார்கள்? பந்து என் கையிலிருந்து தரைக்குப் போய், தரையிலிருந்து அவன் கைக்குப் போய், அவன் நீளக் கையை இன்னும் நீட்டி ரிங்கில் போடுவான். கூட்டம் அவனைப் பார்த்துத்தான் கத்தும். முதலில் அரூர்ப் பையன்களை ஜெயித்தோம், பிறகு கிருஷ்ணகிரியை. இரண்டு தடவையும் அவனைத் தோளில் தூக்கினார்கள். ஒருவன் அவனைத் தூக்க இடமில்லாமல் என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டுப் போனான். பிரேயரில் தலைமையாசிரியர் அவன் பேரைச் சொல்லிப் பாராட்டினார். 'மற்றவர்களும்' என்று சேர்த்துக்கொண்டார். அந்த மற்றவர்களில் நான் ஒருவன். ஹோட்டல்காரர் அவன் இலையில் கேட்காமலே இன்னொரு இட்லி வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. இட்லிக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன், இட்லிக்காகவும்தான்.

டிரில் மாஸ்டர் கேப்டன் யார் என்று சொல்லாமலே வைத்திருந்தார். டாஸ் போடப் பாலக்கோட்டுக்காரனை அனுப்புவார். கேட்டால், சீசன் முடியட்டும், போட்டோ எடுக்கும் முன்னால் சொல்கிறேன் என்பார். அது எங்களை ஆட வைக்கிற தந்திரம் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது ஒரு சித்திரவதை. கேப்டன் ஒன்று அவன், இல்லை நான். மூன்றாவது ஆள் கிடையாது. பந்தைப் போடுகிறவனுக்கா, கொடுக்கிறவனுக்கா என்பதுதான் கேள்வி என்று நான் நினைத்துக்கொண்டேன். கொடுக்கிறவன்தான் உசத்தி என்று எனக்கு நானே வாதாடி எனக்கே தீர்ப்பும் சொல்லிக்கொள்வேன்.

கோட்டை மாரியம்மனிடம் ஒருநாள் போய், அவனுக்குச் சின்னதாக ஒரு காய்ச்சல் கொடு, ஒரு வாரம் போதும் என்று கேட்டேன். சாமிக்கு விலாசம் சரியாகச் சொல்லவில்லையோ என்னவோ, காய்ச்சல் எனக்கு வந்தது. நான் படுத்திருந்தபோது பயிற்சியில் பந்து கொடுக்க ஆளில்லாமல் அவன் திண்டாடினான் என்று பாலக்கோட்டுக்காரன் வந்து சொன்னான். அரை நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இடையில் ஊருக்குப் போனபோது, சந்தையில் யாரோ அப்பாவிடம் மூத்தவர் மகன் பெரிய ஆட்டக்காரனாமே என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா பந்தை மதிக்கிற ஆள் இல்லை. அடி இல்லாத கூடையில் போட்டு என்னடா மிஞ்சப்போகிறது என்று முன்பே கேட்டவர். அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, அவன் போடுகிறானாமே, நீ என்ன செய்கிறாய் என்றார். பந்து கொடுக்கிறேன் என்றேன். யாருக்கு என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். தரையில் தட்டித்தான் கொடுக்கிறேன், கையில் கொடுப்பதில்லை என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கு அது சரியாகப் பட்டது. எனக்குத்தான் படவில்லை. ஊர் முழுக்க அவன் போடுகிறான் என்கிறது, நான் ஒரு வடத்தைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு வருகிறவனாகிவிட்டேன்.

கடைசி மாட்ச் சேலத்தில். கரியில் ஓடும் பஸ் அது. பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று புகைந்துகொண்டு வரும். தொப்பூர்க் கணவாயில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் ஒரு மூலையில், அவன் மறு மூலையில். மேடு ஏறி முடிந்ததும் டிரில் மாஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்து, பஸ் தரையிலதான் நிக்குது, சேர்ந்து தள்ளினா தப்பில்ல என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

சேலத்துக்காரர்கள் வளர்ந்த பையன்கள். பந்து புதுப்பந்து, எங்கே கிடைத்ததோ, யுத்த காலத்தில் வெண்ணெய்போல் வழுவழுவென்று ஒரு பந்து. வீக்கம் இல்லாததால் முதலில் எனக்குத் தடுமாற்றமாக இருந்தது, பிறகு பிடித்துக்கொண்டேன். பாதி ஆட்டத்தில் நாங்கள் முன்னால் இருந்தோம். பாதிக்கு மேல் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. ஆனால் அங்கே களிமண் மைதானம். கொஞ்ச நேரத்தில் காலடியெல்லாம் பிசுபிசுத்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

அப்போதுதான் எனக்குப் பந்து வந்தது. அவன் பத்தடி தூரத்தில் தனியாக நின்றான். வழக்கம்போல் தட்டினேன். பந்து சேற்றில் சாணி உருண்டை விழுந்ததுபோல் விழுந்து அப்படியே கிடந்தது. எகிறவே இல்லை. சேலத்துப் பையன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு ஓடிப் போட்டான். நாங்கள் ஒரு புள்ளி பின்னால் போனோம். டிரில் மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். பாலக்கோட்டுக்காரன் பழையபடி நடுவில் ஓட வந்தான். அவனை இரண்டு பேர் அமுக்கிக்கொண்டார்கள்.

முடிகிற நேரம். பந்து இப்போது பெரியப்பா மகனிடம். ரிங்குக்கு எதிரே இரண்டு நெட்டைப் பையன்கள் அவன்மேல் சாய்ந்து நின்றார்கள். கையை உயர்த்தவே இடமில்லை. நான் பக்கவாட்டில், யாரும் கவனிக்காமல், ரிங்குக்கு ரொம்பக் கிட்டத்தில் நின்றேன். என்னை மறிக்க அவர்கள் ஆள் போடவில்லை. அவன் எனக்கு நேரே கொடுக்க மாட்டான் என்று அவர்களுக்கும் இதற்குள் தெரிந்துபோயிருந்தது. அவன் தரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"தம்பி, புடி."

என் பிறவியில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பந்து தரையைத் தொடாமல் நேராக என் நெஞ்சுக்கு வந்தது. ஒதுங்கியிருக்கலாம், கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம், விழட்டும் என்று விட்டிருக்கலாம். அப்பா, புளியமரம், கிணற்று மேடு எல்லாம் ஞாபகம் வந்தன. ஆனால் அவையெல்லாம் வந்து சேரும்போது பந்து என் கையில் இருந்தது. கை வாங்கிவிட்டது. வாங்கின வேகத்தில் போட்டேன். விழுந்தது.

ஜெயித்தோம். ஆனால் எங்கள் பையன்கள் குதிக்கவில்லை. பாலக்கோட்டுக்காரன் வாயைப் பிளந்துகொண்டு என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பார்த்தது ரிங்கில் விழுந்த பந்தை இல்லை. பிறகுதான் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஓடிவந்து யாரைத் தூக்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? பந்தைப் போட்டவன் நான். தோளில் போனவன் அவன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க அதே பேச்சுதான். கூடையில் போட்டதைப் பற்றி ஒருவனும் பேசவில்லை. நேரே எறிந்தான் பார்த்தாயா, தம்பி என்று கூப்பிட்டான் கேட்டாயா என்றே பேசினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். சேற்றில் என் பந்து செத்து விழுந்தபோது நானும் நேரே எறிந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுடைய நீளக் கையைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அவனுக்கு அது முதலில் தோன்றியதை மன்னிக்க முடியவில்லை. இத்தனை நாள் கொடுக்கிறவன் நான், போடுகிறவன் அவன் என்று இருந்தது. கடைசிப் பந்தில் அவன் அதையும் பிடுங்கிக்கொண்டான்.

டிரில் மாஸ்டர் மறுநாள் கேப்டன் பேரைச் சொன்னார். எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்து, கடைசிப் பந்தைப் போட்டது நீதான், ஒத்துக்கொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மீசையை நீவினார்.

"ஆனா அத உனக்குக் குடுத்தது யாருல?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். கொடுக்கிறவன்தான் உசத்தி என்று நான் மாதக் கணக்கில் எனக்குச் சொல்லிக்கொண்ட தீர்ப்பு அப்படியே திரும்பி என் தலையில் விழுந்தது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல் தட்டினேன்.

ஊருக்குப் போனபோது சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா வாசலிலேயே நின்றார். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.

"வாங்கிட்டியாமே?"

"வாங்கிட்டேனுங்க."

"கையிலயா?"

"கையிலதானுங்க."

பளார் என்று ஒன்று விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவன்தானே குடுத்தான். நாம கேக்கலியே," என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார். அன்று சாயங்காலம் முறை மாறுகிற நேரம்.

நான் பின்னாலேயே போனேன். பெரியப்பா மாட்டை அவிழ்த்துவிட்டு வடத்தோடு நின்றிருந்தார். தரையில் வைக்கவில்லை. அப்பா நாலடி தள்ளி நின்றார். அவர் வைப்பார் என்று இவர் பார்க்க, இவர் வருவார் என்று அவர் பார்க்க, மாடுகள் இரண்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றன. பிறகு பெரியப்பா வடத்தை நீட்டினார். அப்பா கையை நீட்டி வாங்கினார். வடத்தில் ஒரு பிரி விட்டிருக்கிறது, முறுக்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். ஆமாம் என்றார் அப்பா. அந்த வருஷம் புளியை இரண்டு வீடும் சேர்ந்து உலுக்கின.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? மூத்தவர் மகனுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்றது. என் அம்மாவே அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, மணையில் உட்கார வைத்து, களியில் குழி பறித்து நெய் ஊற்றினாள். எனக்கு ஊற்றியதைவிட அதிகம். நான் பார்த்தேன். அம்மா இல்லை என்பாள். வாங்கினவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று ஒருவராவது சொன்னார்களா? அவன் வீட்டுக்கு அவன் மூத்த பிள்ளை. அவன் அப்பா அவனை ஒன்றும் சொல்லமாட்டார். அடிவாங்கத் தயாராகப் போனவன் நான். இதை நான் இதுவரை யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

போட்டோக்காரர் கறுப்புத் துணியும் மூன்று கால் பெட்டியுமாக வந்தார். நடுவில் தலைமையாசிரியர், ஒரு பக்கம் டிரில் மாஸ்டர், மறுபக்கம் கேப்டன். அவன் மடியில் எங்கள் பழைய பந்து, வீங்கின பக்கத்தை மறைத்து, தெரிகிற பக்கத்தில் சாக்கட்டியால் வருஷம். நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஆடக்கூடாது, கண்ணாடியைப் பாருங்கள் என்றார் போட்டோக்காரர். துணிக்குள் தலையை விட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தோம் என்றுதான் நினைத்தேன்.

படம் வந்ததும் தெரிந்தது. எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். நான் மட்டும் குனிந்து அவன் மடியில் இருக்கும் பந்தைப் பார்க்கிறேன். அதைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினார்கள். ஒரு பிரதி அவனுக்குக் கிடைத்தது. அதை அவன் வீட்டு நடுக்கூடத்தில் மாட்டினான். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது, அவனுக்கும். நான் அவன் வீட்டுக்குப் போய்வருகிறவன். அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். போகும்போதெல்லாம் அந்தப் படம் கண்ணில் படாத நாற்காலியாகப் பார்த்து உட்காருவேன்.

போன மாதம் அவன் பேத்தி, ஆறு ஏழு வயதிருக்கும், படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இந்தத் தாத்தா மட்டும் ஏன் கீழ பாக்கறாரு?"

என்ன சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, அதே லேசான சிரிப்போடு சொன்னான்.

"நான் பந்தை நழுவ வுட்டுடுவேனோன்னு பாத்துக்கிட்டு நிக்கறான், கண்ணு. நழுவியிருந்தா அவன்தானே புடிச்சிருப்பான்."

குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது, விளையாடப் போய்விட்டாள். அவன் மடித்த வெற்றிலையை என் பக்கம் நீட்டினான். கைநீட்டி வாங்கிக்கொண்டேன். வாயில் போட்டு மெல்லும்போதும் அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறேன். பாழாய்ப்போன பதில், அதுவும் அவனுக்குத்தான் முதலில் தோன்றியது.